நிவாரணப் பையில் என்ன இருக்க வேண்டும்?

அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு உணவுக்கென்று வழங்கும் உதவியைக் கொண்டு சோடாவும் மிட்டாயும் வாங்க இடமளிக்கலாமா? அமெரிக்காவில் இக்கேள்வி நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. 2010ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர மேயராக இருந்த மைக்கேல் புளூம்பேர்க், உணவு உதவிப் பணத்தில் சீனி கலந்த பானங்கள் வாங்குவதை இரண்டு வருடங்களுக்குத் தடுத்துப் பார்க்க அனுமதி கேட்டார். 2011இல் அந்நாட்டு விவசாயத் திணைக்களம் அதை மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதத்தில் அதே திணைக்களம், சோடாவையும் சக்திப் பானங்களையும் தடுக்க நெப்ராஸ்கா மாநிலத்திற்கு அனுமதி வழங்கியது. வேறு சில மாநிலங்களும் அதைத் தொடர்ந்தன.

அமெரிக்காவில் நடப்பது நமக்கெதற்கு என்று சகோதரிகள் எண்ணக்கூடும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா ஆகிய ஊர்களின் கடைத் தெருக்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். சம்பள நாளிலும் நிவாரணப் பணம் வங்கிக்கு வரும் நாளிலும் தோட்டத்துத் தாய்மார் இறங்கி வருவது அங்கேதான். அந்தக் கடைகளில் பல நம்மவருடையவை. கல்லாவில் இருப்பவர் நமது கணவராகவோ தந்தையாகவோ சகோதரராகவோ இருக்கின்றார். ஆகவே இக்கேள்வி அரசாங்கத்தோடு நின்றுவிடுவதில்லை. நம் வீட்டு வாசலுக்கும் வருகின்றது.

வயிறு நிறைவதும் உடல் வளர்வதும்

2016ஆம் ஆண்டு நாடு தழுவி நடத்தப்பட்ட குடிசன, சுகாதார மதிப்பீடு ஒரு வேதனையான உண்மையைக் காட்டியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் நூற்றுக்கு 32 பேர். அதாவது லயத்துப் பிள்ளைகளில் மூவருக்கு ஒருவர் வளர வேண்டிய அளவு வளரவில்லை.

இப்பிள்ளைகளில் அநேகர் வெறும் வயிற்றோடு படுப்பவர்கள் அல்லர். கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சீனி போட்ட தேத்தண்ணீர் என்று ஏதோ ஒன்றால் வயிறு நிறைந்தே இருக்கின்றது. ஆனால் முட்டை, மீன், பருப்பு, பயறு, பால், கீரை முதலியவை போதாமையால் உடல் வளரவில்லை. உணவு உதவி என்ற பேச்சு வரும்போது நாம் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

தோட்ட மக்கள் ரொட்டிக்கும் சீனித் தேத்தண்ணீருக்கும் பழகியது தற்செயலானதல்ல. அதிகாலையில் எழுந்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடும் பெண்ணுக்குச் சோறும் இரண்டு கறியும் ஆக்க நேரமில்லை. ரொட்டி விரைவில் ஆகும், மலைக்கும் கொண்டு போகலாம். குளிரிலும் மழையிலும் கொழுந்து பறிப்பவளுக்கு உடனடியாகத் தெம்பு கொடுப்பது சீனித் தேத்தண்ணீர். பழக்கத்தைக் குறை கூறுமுன் அதன் காரணத்தை அறிய வேண்டும்.

கூப்பன் முதல் அஸ்வெசும வரை

நமது நாட்டில் அரசாங்க உணவு உதவி புதியதல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு ஆரம்பித்தது. நம் மூத்தோர் இன்றும் அதைக் “கூப்பன் அரிசி” என்பார்கள். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. அதன் பின்னர் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். மக்களின் சோற்றுப் பானையில் கை வைப்பது எத்தகைய விடயம் என்பதை ஆட்சியாளர் அன்று கண்டுகொண்டனர்.

1970களின் முற்பகுதியில் வந்த தட்டுப்பாட்டின்போது மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வீட்டைச் சுற்றிக் காணியில்லாதவனுக்குப் பங்கீட்டைக் குறைத்தால் மரவள்ளிக் கிழங்குகூட மிஞ்சுவதில்லை.

1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. நாட்டு மக்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் அதைப் பெற்றனர். ஆனால் வருமான வரம்பின் காரணமாக, சம்பளப் பட்டியலில் பெயருள்ள தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றனர். அந்த முத்திரையைக் கொண்டு அரிசி, கோதுமை மா, பாண், சீனி, கருவாடு, பருப்பு வகை, பால் உணவு ஆகியவற்றை வாங்கலாம். சீனியும் அப்பட்டியலில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வயிற்றை நிரப்புவதே அன்றைய கவலையாக இருந்தது. முத்திரையின் பெறுமதி மாறாதிருக்கப் பொருட்களின் விலையோ ஏறிக்கொண்டே போனது. சில ஆண்டுகளுக்குள் அதன் மதிப்பு அரைவாசியளவுக்குச் சுருங்கிவிட்டது.

இதற்கு மாறான ஒரு வழியும் கூடவே இருந்தது. 1973இல் ஆரம்பமான திரிபோஷவே அது. சோளமும் சோயாவும் பாலும் உயிர்ச்சத்துக்களும் கலந்த அந்த மாவைக் கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், எடை குறைந்த பிள்ளைகளும் சிகிச்சை நிலையங்களில் பெற்று வருகின்றனர். 2015இல் அறிமுகமான கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குப் பொதியும் இத்தகையதே. மாதம் 2,000 ரூபாய் பெறுமதியான சத்துணவுப் பொருட்கள் பத்து மாதங்களுக்கு என்று அது தொடங்கியது. பின்னர் தொகை உயர்த்தப்பட்டது. இவ்விரண்டிலும் எதைக் கொடுப்பது என்பதை அரசாங்கமே தீர்மானிக்கின்றது.

1995இல் வந்த சமுர்த்தியின் பின், 2023இல் அஸ்வெசும ஆரம்பித்தது. அவ்வாண்டில் குடும்ப நிலைக்கேற்ப மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என நான்கு பிரிவுகளாகப் பணம் வங்கிக் கணக்கில் இடப்பட்டது. இங்கே பட்டியல் எதுவுமில்லை. பணத்தைப் பெற்றவள் பயறும் வாங்கலாம், சோடாவும் வாங்கலாம்.

ஆக, பட்டியல் போட்டு உதவுவதா, பணமாகக் கொடுத்து விட்டுவிடுவதா என்ற கேள்விக்கு நமது நாடு இரண்டு விதமாகவும் பதில் சொல்லியிருக்கின்றது.

இரு தரப்பு வாதங்கள்

பெண்கள் வகுப்பொன்றில் இதுபற்றிப் பேச்சு வந்தபோது, கடைக் குடும்பத்துச் சகோதரி ஒருவர் கூறினார்: “மௌலவி, காசு வந்த அண்டைக்குப் பாருங்க. எங்கட கடையில சோடாவும் கேக்கும் பிஸ்கட்டும் தான் கூடப் போகுது. கடன் கொப்பியில பழைய பாக்கி அப்படியே நிக்குது. இவங்களுக்குக் காசு குடுக்காம சாமானாவே குடுக்கணும்.”

அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முதிய தாய் மெதுவாகச் சொன்னார்: “ஏன் புள்ள, பெருநாளைக்கு நம்மட வூட்டுல சோடா எடுக்காமலா இருக்கோம்? அவங்களுக்குக் காசு வார நாள் தான் பெருநாள்.”

இருவரும் கண்டது உண்மையே. முதற் சகோதரியின் கவலையை அலட்சியம் செய்ய முடியாது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள பானத்தில், 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 40 கிராம் சீனி உள்ளே போகின்றது. ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி! உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்க்கப்பட்ட சீனி நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நின்றால் நன்மை கூடும். அது வளர்ந்தவர்களுக்குச் சொன்ன அளவு. சீனி வருத்தமும் பிரெஷரும் பணக்காரரின் நோய் என்ற காலம் போய்விட்டது. இன்று அவை லயத்துக்கும் வந்துள்ளன. ஏழைக்கு நோய் வந்தால் சம்பளமும் போகின்றது, மருந்துச் செலவும் சேர்கின்றது. மக்களின் வரிப்பணம் நோயை வாங்கப் பயன்படலாமா என்று கேட்பதில் நியாயமுண்டு.

மற்றத் தரப்பின் நியாயமும் சிறிதல்ல. 2023இல் மாதம் 8,500 ரூபாய் பெற்ற குடும்பத்திற்கு நாளொன்றுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 283 ரூபாய். அன்றைய கட்டுப்பாட்டு விலையில் அது ஆறு முட்டைகளின் பெறுமதி. இவ்வளவு சிறிய தொகையில் ஒரு தாய் ஒருநாள் தன் பிள்ளைக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தால், அதை எண்ணிப் பார்த்து அவளைக் குறை சொல்ல நம்மில் யாருக்கு உரிமை? செல்வந்தனின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஏழையின் பையை மட்டும் கடை வாசலில் திறந்து பார்ப்பது அவளது மானத்தைக் குறைப்பதாகும்.

தடையில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. சோடாவைத் தடுத்தால், சீனி கலந்த பால் பக்கற்றை என்ன செய்வது? பிஸ்கட்டைத் தடுத்தால் பணிஸை என்ன செய்வது? அன்றியும், நிவாரணப் பணத்தில் அரிசியை வாங்கிவிட்டு, சம்பளப் பணத்தில் சோடாவை வாங்கினால் தடை என்ன பயன் தந்தது? ஒரே மடியிலிருந்து வரும் காசுதானே இரண்டும்!

மார்க்கச் சட்டம் கற்பிப்பது

அறபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்கு இவ்விவாதம் புதியதல்ல. ஸகாத்துல் பித்ரைப் பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்பது இமாம்களிடையே நிலவிய பழைய கருத்து வேறுபாடு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது அந்த ஊர் மக்களின் பிரதான உணவாகவே கொடுக்கப்பட வேண்டும். நமது ஊர்களில் அரிசி கொடுக்கப்படுவது இதனாலேயே. ஹனபி மத்ஹபில் அதன் பெறுமதியைப் பணமாகக் கொடுக்கவும் இடமுண்டு. தனக்கு எது தேவை என்பதை ஏழையே அறிவான் என்பது அவர்கள் கூறும் காரணங்களில் ஒன்று. பொருளாகக் கொடுத்தால் உணவு நிச்சயமாக அடுப்புக்குப் போகும். பணமாகக் கொடுத்தால் ஏழையின் தேவைக்கு ஏற்ப அமையும். இரண்டு நோக்கங்களையும் நம் இமாம்கள் மதித்தே வந்துள்ளனர்.

இதைவிடத் தெளிவான அளவுகோல் ஒன்றும் திருக்குர்ஆனில் உண்டு. சத்தியத்தை முறித்ததற்கான குற்றப்பரிகாரத்தைக் கூறும் மாஇதா அத்தியாயத்தின் 89ஆம் வசனம், ஏழைகள் பத்துப் பேருக்கு உணவளிக்கச் சொல்லும்போது, நம் குடும்பத்தாருக்கு நாம் கொடுக்கும் உணவின் நடுத்தரத்தையே அளவாக வைக்கின்றது. ‘அவ்ஸத்’ என்பது அங்கே வரும் சொல். விருந்துநாள் உணவு கேட்கப்படவில்லை. மிஞ்சிய மட்டமானதும் ஏற்கப்படவில்லை. பகறா அத்தியாயத்தின் 267ஆம் வசனமோ, நமக்குத் தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத தரக்குறைவான பொருளைத் தர்மம் செய்ய நாடுவதைத் தடுக்கின்றது.

இந்த அளவுகோலை அரசாங்க உதவியின் மீது வைத்துப் பாருங்கள். அமைச்சரின் வீட்டிலும் அதிகாரியின் வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சாதாரண நாளில் என்ன கொடுக்கப்படுகின்றதோ, அதன் நடுத்தரமே ஏழைப் பிள்ளைக்கும் உரியது. எந்த நல்ல தாயும் தன் பிள்ளைக்கு அன்றாட உணவாகச் சோடாவைக் கொடுப்பதில்லை. அதேவேளை எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு இனிப்பை முற்றாக மறுப்பதுமில்லை.

எங்கே தடுப்பது, எங்கே விட்டுவிடுவது?

இதிலிருந்து எனக்குப் படும் முடிவு இதுதான். அரசாங்கம் தானே பொருளைத் தெரிவு செய்து கொடுக்குமிடத்தில் தரக்குறைவான உணவுக்கு இடமே இருக்கக்கூடாது. பாடசாலை உணவு, பிள்ளை மடுவத்து உணவு, போசாக்குப் பொதி ஆகியவற்றில் இனிப்புப் பண்டமும் வெறும் மாப் பண்டமும் இடத்தை அடைக்கக்கூடாது. அங்கே தெரிவு செய்பவர் அதிகாரி. ஆகவே பொறுப்பும் அவருடையது. திரிபோஷ போன்றவை தடையின்றிக் கிடைக்க வேண்டியதும் இதில் அடங்கும். 2022இல் சோளம் இல்லாமையால் சிறு பிள்ளைகளுக்கான திரிபோஷ தடைப்பட்டபோது பாதிக்கப்பட்டவர்கள் மிக ஏழையான பிள்ளைகளே.

பணமாகக் கொடுக்குமிடத்தில் தடை வேண்டாம். அங்கே நல்லுணவை எளிதாக்குவதே சிறந்த வழி. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை நடந்தது. உணவு உதவிப் பணத்தில் ஒரு டொலருக்குப் பழமோ மரக்கறியோ வாங்கினால் 30 சதம் திரும்பக் கொடுத்தார்கள். எதையும் தடுக்கவில்லை. அக்குடும்பங்கள் மற்றவர்களைவிட நூற்றுக்கு 26 வீதம் கூடுதலாகப் பழமும் மரக்கறியும் உண்டதாகக் கணிப்பிட்டனர். நுவரெலியா மாவட்டம் கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளையும் மண். அவை லொறியேறிக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் போக, பக்கத்து லயத்தில் சம்பலோடு ரொட்டி தின்கிறார்கள். முட்டைக்கும் பயறுக்கும் மரக்கறிக்கும் சிறு சலுகை கொடுத்து, தோட்டத்துக்கு அண்மையிலேயே அவை கிடைக்கச் செய்தால், தாய்மார் தாமாகவே நல்லதைத் தெரிவு செய்வர்.

சீனியைக் குறைப்பதற்கும் ஏழையை மட்டும் குறிவைக்காத வழிகள் உண்டு. 2016 முதல் நமது நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்ற வரியும் இனிப்புப் பானங்களுக்கு விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. இவை பணக்காரன், ஏழை என்று பாராமல் எல்லோருக்கும் பொதுவானவை. ஆகவே நீதியானவை.

நமது கடையும் நமது பொதியும்

இனி நம் பக்கம் வருவோம். போசாக்குப் பொதிக்கு வரும் தாய்க்கு எந்தக் கடையிலாவது நெத்தலியும் பயறும் கொடுக்காமல் அதே பெறுமதிக்குச் சீனியும் பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்தால், அது வயிற்றிலுள்ள சிசுவின் பங்கில் கை வைப்பதாகும். அவள் விரும்பிக் கேட்டாலும் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்வது முஸ்லிம் வியாபாரியின் கடமை. கடன் கொப்பியைக் காட்டி, தேங்கிக் கிடக்கும் பண்டத்தை அவள் தலையில் கட்டுவதும் அமானிதத்திற்கு மாறானது. சகோதரிகளே, இரவில் கணக்குப் பார்க்கும் கணவரிடம் இதைச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான். பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இனிப்பை வைத்துவிட்டு, பருப்பையும் கடலையையும் உள்ளறையில் வைக்கும் வழக்கத்தையும் மாற்றலாமே. முட்டையும் அவித்த கடலையும் முன்னால் இருந்தால் அவையும் விற்பனையாகும்.

றமழானில் நாம் கட்டும் பொதிகளையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். பல ஊர்களில் அரிசி, மா, சீனி, தேயிலை, எண்ணெய், குளிர்பானக் கரைசல் போத்தல் என்பவையே பொதியை நிறைக்கின்றன. பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சீனியைக் கூட்டுகின்றோம். நோன்பு நோற்ற ஏழைத் தாய்க்கு ஒரு கிலோ பயறும், கால் கிலோ நெத்தலியும், பத்து முட்டையும் அதைவிட எவ்வளவு உதவும்! 2022இல் நாடு திண்டாடியபோது தமிழ்நாட்டு மக்கள் அனுப்பிய உதவியை நினைத்துப் பாருங்கள். 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் என்று அது அறிவிக்கப்பட்டது. பிள்ளைக்குப் பால் வேண்டும் என்பதை எண்ணித் தெரிவு செய்த உதவி அது.

பொதியில் ஒரு சிறு இனிப்பு இருப்பதில் தவறில்லை. பெருநாளின் மகிழ்ச்சி ஏழைப் பிள்ளைக்கும் உரியதே. ஆனால் பொதியின் பெரும்பங்கு அப்பிள்ளையின் எலும்பையும் இரத்தத்தையும் வளர்ப்பதாக இருக்கட்டும்.

அடுத்த முறை பொதி கட்டும் குழு கூடும்போது, பட்டியல் எழுதுவதை ஆண்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுப்பை அறிந்தவர்கள் நீங்கள். ஒவ்வொரு பொருளையும் எழுதும்போது, “இதை என் பிள்ளைக்குச் சாதாரண நாளில் கொடுப்பேனா?” என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்று மனம் சொல்வதைப் பையில் இடுங்கள். கொடுப்பதில் நடுநிலையையும், பெறுவோரின் மானத்தைக் காக்கும் மனத்தையும் அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!